மென்டார் யாருக்கு நண்பன்? கிரேக்கக் கதைகள் தந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒரு பதில்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அலுவலகத்தில் ஆளுக்கொரு 'மென்டார்' நியமித்திருக்கிறார்கள். ஓர் அரசகுமாரனை வளர்த்து ஆளாக்கிய கிரேக்க ஆசானின் பெயர்தான் இந்தச் சொல் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது மெய்தானா என்பது கேள்வியின் முன்பாதி. பின்பாதிதான் கேட்டவரை உண்மையில் உறுத்தியிருக்கிறது. மைடாஸ், டான்டலஸ், அக்கிலீஸ் என்று அவர் ஒவ்வொரு கதையாகத் தேடிப் படித்திருக்கிறார். எங்கு பார்த்தாலும் நண்பர்களில் ஒருவன் செல்வனாகவோ அரசனாகவோ தேவனாகவோ இருக்கிறான், மற்றவன் அவன் பந்தியில் உட்கார்ந்து உண்பவனாக இருக்கிறான். இதற்கு நட்பு என்று பெயர் வைப்பது பொருந்துமா என்று கேட்கிறார். சொற்பிறப்பைப் பற்றிய ஐயம் போலத் தொடங்கினாலும், பணமும் அதிகாரமும் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது கதை சொன்னவர்கள் எதை நட்பு என்று காட்டினார்கள் என்பதே அவர் கேட்க வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கிரேக்கம் நடுவயதுக்குப் பிறகு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தட்டுத்தடுமாறிக் கற்றது. ஹோமரை மூலத்தோடு ஒட்டிப் படிக்க முடியும், அவ்வளவுதான். வேர்ச்சொல் ஆய்வு என் துறையன்று, ஆகவே ஒரு பெயர் எந்த வேரிலிருந்து முளைத்தது என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் எந்தப் பாத்திரம் எந்த நூலில் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அதைப் பார்த்தாலே கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

மென்டார் ஹோமரின் காவியமான ஒடிஸியில் வருகிறார் என்பது உறுதி. காவிய நாயகனான அரசன் ஒடிஸியஸின் மகன் டெலிமேக்கஸை அவர் வளர்த்து ஆளாக்கினார் என்பது அந்த நூலில் இல்லை. இரண்டாம் காண்டத்தில் அவர் முதன்முதலாக எழுந்து பேசும்போது கவி அவரை ஒடிஸியஸின் தோழன் என்று அறிமுகப்படுத்துகிறார். ட்ராய் போருக்குக் கப்பலேறும் நாளில் ஒடிஸியஸ் தன் வீடு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்து, எல்லாவற்றையும் குலையாமல் காக்கும்படி சொல்லிப் போனதாக ஒரு குறிப்பும் தருகிறார். கவனித்துப் பாருங்கள், ஒப்படைக்கப்பட்டது வீடு, அதாவது சொத்து. பையனுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் கிடையாது. சரி, அந்தச் சொத்தாவது பத்திரமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒடிஸியஸ் இல்லாத 20 ஆண்டுகளில் கடைசி மூன்று நான்கு ஆண்டுகள், அவன் மனைவி பெனலோப்பியை மணக்கிறோம் என்று வந்து உட்கார்ந்த 108 பேர் அந்த வீட்டின் ஆடு மாடுகளை நாள்தோறும் அடித்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். பன்றிப்பட்டியில் பெட்டைகள் 600 இருக்க, கடுவன்கள் மட்டும் 360 ஆகக் குறைந்துபோன கணக்கைப் பன்றிக்காவலன் யூமியஸ் வைத்திருக்கிறான். மென்டாரிடம் அப்படி ஒரு கணக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அவரை நான் குறைகூறவில்லை. ஊர்ச்சபையில் எழுந்து நின்று, கெடுதல் செய்கிற அந்தச் சிலரைக் காட்டிலும், இத்தனை பேர் இருந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற ஊராரின் மேல்தான் தமக்குக் கோபம் என்று சொன்ன ஒரே நண்பர் அவர்தான். உடனே அந்த 108 பேரில் ஒருவனான லியோக்ரிட்டஸ் எழுந்து, புத்தி கெட்டவன் என்று அவரை ஏசி உட்கார வைத்துவிடுகிறான், சபையும் கலைந்துபோகிறது. இதற்குப் பிறகு டெலிமேக்கஸிடம் கப்பல் பிடித்துத் தருகிறேன், ஆள் சேர்க்கிறேன் என்று வாக்களிப்பவரும், பைலாஸ் வரை கூடவே போய் அந்த ஊர் அரசன் நெஸ்டரிடம் எப்படிப் பேசுவதென்று தைரியம் சொல்பவரும் மென்டார் அல்லர், மென்டாரின் உருவமும் குரலும் எடுத்து வந்த அதீனா தேவி. ஆகவே இன்று அந்தச் சொல்லால் நாம் குறிக்கிற நற்செயல்கள் எல்லாம் தேவி செய்தவை, பெயர் மட்டும் அந்தக் கிழவருடையது. ஒடிஸியின் கடைசி அடிகூட, மென்டாரின் வடிவிலும் குரலிலும் இருந்த அதீனா இரு தரப்புக்கும் சமாதானம் செய்து வைத்தாள் என்றுதான் முடிகிறது.

பிறகு எப்படி 'ஆசான்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது? இதற்கும் உறுதியான விடை உண்டு. பிரான்ஸில் 14-ஆம் லூயியின் பேரனான பர்கண்டி இளவரசனுக்கு ஆசிரியராக இருந்த ஃபெனலோன் என்ற பாதிரியார், டெலிமேக்கஸின் பயணங்களை விரித்து ஒரு நீண்ட உரைநடைக் கதை எழுதினார். அது 1699-இல் அச்சேறியது. அதில் மென்டார் பக்கத்துக்குப் பக்கம் உடன் வந்து, ஆடம்பரம் கூடாது, வீண்போர் கூடாது, குடிகளைப் பிழிந்து அரண்மனை கட்டக் கூடாது என்று உபதேசம் செய்துகொண்டே இருக்கிறார். வெர்சாய் அரண்மனையைக் கட்டிய அரசரை அது குத்திக்காட்டுவதாக எல்லோரும் படித்தார்கள். ஃபெனலோன் அதற்கு முன்பே அரண்மனையை விட்டுத் தம் மறைமாவட்டமான காம்ப்ரேக்கு அனுப்பப்பட்டிருந்தார், இந்த நூல் வந்த பிறகு திரும்பி வர வழியில்லாமல் போனது. ஐரோப்பா முழுவதும் பரவிய அந்தக் கதையின் வழியாகத்தான் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலத்தில் இது பொதுப்பெயரானது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் முடிவு. ஆகவே உங்கள் பயிற்சியாளர் சொன்னது முழுப் பொய்யன்று, ஹோமருக்குச் சேர வேண்டியதல்லாத பெருமையை ஹோமருக்குக் கொடுத்துவிட்டார். மென்டார் என்ற பெயரே 'சிந்தி' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. அதை இருக்கலாம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் அடித்துப் பேச வேண்டாம்.

ஒரு சொல் கதையிலிருந்து மொழிக்குள் குடிபெயரும்போது ஆளின் ஒரு குணத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது, அவனைச் சுற்றியிருந்த கொடுக்கல் வாங்கலைப் பழைய வீட்டிலேயே விட்டுவிடுகிறது என்பதே இத்தனை ஆண்டுப் படிப்பில் நான் கண்டது. மைடாஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்ட தொழிலெல்லாம் துலங்குகிறவரைப் பற்றி ஆங்கிலத்தில் 'மைடாஸ் டச்' என்று பாராட்டாகச் சொல்கிறார்கள். கதையிலோ அது சோறும் பொன்னாகிப் பட்டினி கிடந்தவனின் சாபம். மகள் பொன்சிலையானாள் என்ற பகுதி 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான ஹாதோர்ன் சிறுவர்களுக்காகச் சேர்த்தது, ஓவிட்டின் லத்தீன் காவியத்தில் மகளே இல்லை. தொட்டதெல்லாம் பொன்னாகும் அந்த வரம் மைடாஸுக்குக் கிடைத்ததே ஒரு நட்பின் வழியாகத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மதுவின் தேவனான டயோனிசஸின் வளர்ப்புத் தந்தையான சைலினஸ் குடித்துவிட்டுக் கூட்டத்திலிருந்து தவறிப்போகிறார். குடியானவர்கள் பிடித்துவந்த அவரை மைடாஸ் அடையாளம் கண்டு, பத்துப் பகலும் பத்து இரவும் விருந்து வைத்து, பதினோராம் நாள் கொண்டுபோய் ஒப்படைக்கிறான். அந்த உபசாரத்துக்கு நன்றியாகத்தான் தேவன் கேட்டதைத் தருகிறேன் என்கிறான். விருந்து வைத்தபோது நண்பனாக இருந்தவன், பதில் மரியாதை வந்த அந்த நிமிடத்தில் வியாபாரியாகிவிட்டான். கதை திரும்புகிற இடம் அதுதான், சொல்லோ அதைத் தொடவே இல்லை.

டான்டலஸின் கதை இன்னும் கூர்மையானது. கண்ணுக்குத் தெரிந்து கைக்குக் கிட்டாததைக் காட்டி ஏங்கவைப்பதை ஆங்கிலத்தில் 'டான்டலைஸ்' என்கிறார்கள். ஒடிஸியின் 11-ஆம் காண்டத்தில் பாதாளத்தில் முகவாய் வரை நீரில் நிற்கும் அவன் குனிந்தால் நீர் வற்றிவிடுகிறது, நிமிர்ந்து கை நீட்டினால் பழக்கிளையைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நாம் சொல்வதைவிட ஒருபடி மோசம், அவனுக்குக் கைக்குமே எட்டவில்லை. என்ன குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்பதை ஹோமர் சொல்லவில்லை. பிற்பாடு சொன்னவர்கள் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். அவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது கிரேக்கக் கவிஞர் பிண்டார் கி.மு. 476-இல் பாடிய பாட்டு. தேவர்கள் தங்கள் பந்தியில் உட்கார வைத்து உண்ணக் கொடுத்த அமுதத்தைத் திருடித் தன் குடிக்கூட்டாளிகளுக்குக் கொடுத்தான், பெருஞ்செல்வத்தை அவனால் செரிக்க முடியவில்லை என்கிறார் பிண்டார். செரிக்க முடியவில்லை என்பது என் சொல்லன்று, மூலத்திலேயே அந்த வினைதான் இருக்கிறது. இந்தப் பாட்டைப் பிண்டார் யாருக்காகப் பாடினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிசிலித் தீவிலுள்ள சிராக்யூஸ் நகரின் சர்வாதிகாரியான ஹையரான் குதிரைப் பந்தயத்தில் வென்றதற்காகப் பாடியது அது. பாட்டின் தொடக்கத்திலேயே, அவருடைய நேசமான விருந்து மேசையைச் சுற்றி நாங்கள் அடிக்கடி பாடிக் களிக்கிறோம் என்று கவிஞர் தம்மையும் பந்தியில் சேர்த்துக்கொள்கிறார். வல்லவனின் சோற்றை உண்டுகொண்டே, வல்லவர்களின் சோற்றைத் தவறாக உண்டவனின் கதையைப் பாடுகிறார். அது எச்சரிக்கையா, பணிவா, தன்னிலை விளக்கமா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் விவாதம் நடக்கும். நான் எந்த ஆண்டும் முடித்து வைத்ததில்லை.

இதே பெயரில் இங்கிலாந்தில் ஒரு மரச்சாமானும் உண்டு. மூன்று கண்ணாடி மதுக்குடுவைகளை வரிசையாக நிறுத்தி, மேலே ஒரு சட்டத்தைப் போட்டுப் பூட்டி வைக்கும் சின்னத் தாங்கிக்கு 'டான்டலஸ்' என்று பெயர். குடுவைக்குள் மது எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டு வேலையாட்களுக்குத் தெரியும், சாவி எசமானின் சட்டைப் பையில் இருக்கும். பேர் வைத்தவர் அந்தக் கதையை நன்றாகவே படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன், அதாவது தேவர்களின் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார்.

இனி, இதெல்லாம் நட்பா என்ற பின்பாதிக்கு வருகிறேன். கிரேக்கத்தில் 'ஃபிலோஸ்' என்பது நண்பனைக் குறிக்கும் சொல். ஹோமரில் அதே சொல் 'தன்னுடைய' என்ற பொருள் தரும் இடங்களும் இருக்கின்றன, கையையும் நெஞ்சையும்கூட அந்த அடைமொழியால் சொல்கிறார்கள். 'க்ஸெனோஸ்' என்பது அந்நியன், விருந்தினன், விருந்தளிப்பவன், தலைமுறை தாண்டித் தொடரும் விருந்துறவுக்காரன் என்ற நான்கையும் குறிக்கும். ஆகவே நட்பு என்றால் உள்ளத்தின் நெருக்கம் மட்டுமே, கொடுக்கல் வாங்கல் வந்தால் அது கறைபடும் என்று நாம் பிரித்துப் பார்ப்பதைப் போல அவர்கள் பிரிக்கவில்லை. விருந்துறவு கொண்ட இரு வீட்டார் ஓர் எலும்புத் துண்டையோ வேறொரு பொருளையோ இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வதுண்டு. பின்னாளில் மகனோ பேரனோ வந்து தன் பாதியைப் பொருத்திக் காட்டினால் வீடு திறக்கும். சேர்த்துப் பொருத்துதல் என்ற வினையிலிருந்து அதற்கு 'சிம்பொலான்' என்று பெயர், ஆங்கிலத்தின் 'சிம்பல்' அதன் வழி வந்ததே. யூரிப்பிடீஸின் மீடியா நாடகத்தில், மனைவியைக் கைவிட்டு அரசன் மகளை மணக்கும் ஜேசன், நாட்டைவிட்டு அனுப்பப்படும் மீடியாவிடம் பணம் தருகிறேன், என் விருந்துறவுக்காரர்களுக்குச் சிம்பொலான் அனுப்புகிறேன், அவர்கள் உன்னைக் கவனித்துக்கொள்வார்கள் என்கிறான். கெட்டவன் கொடுக்கும் பொருளால் நன்மை விளையாது என்று அவள் மறுத்துவிடுகிறாள். அந்த எலும்புத் துண்டின் மதிப்பு அதை நீட்டுகிற கையைப் பொறுத்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய இடம் எனக்குத் தெரியாது.

விலையையே வெளிப்படையாகச் சொல்லும் இடமும் ஹோமரில் உண்டு. ட்ராய் போரைப் பாடும் அவருடைய மற்றொரு காவியமான இலியட்டின் ஆறாம் காண்டத்தில் டையோமீடிஸும் கிளாக்கஸும் எதிரெதிர்ப் படையினராகச் சந்திக்கிறார்கள். குலம் கேட்டுக்கொள்ளும்போது, ஒருவனின் பாட்டன் மற்றவனின் பாட்டனை 20 நாள் வீட்டில் வைத்து உபசரித்தது தெரிய வருகிறது. உடனே தேரிலிருந்து குதித்துக் கைகோத்து, நமக்குள் சண்டை வேண்டாம் என்று முடிவு செய்து கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் கவி இடையே புகுந்து, கிளாக்கஸின் புத்தியைத் தேவர்களின் அரசனான ஸீயஸ் பறித்துவிட்டார், 100 மாடு பெறும் பொன் கவசத்தைக் கொடுத்து 9 மாடு பெறும் வெண்கலக் கவசத்தை வாங்கினான் என்கிறார். கவி கிண்டல் செய்கிறாரா, கூடுதலாகக் கொடுப்பவனே உயர்ந்தவன் என்ற பழைய வழக்கம் அவர் காலத்தில் மறந்துபோயிருந்ததா, அல்லது டையோமீடிஸின் கை ஓங்கியிருப்பதைத்தான் இப்படிச் சொல்கிறாரா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் மனம் மூன்றாவதன் பக்கம் சாய்கிறது, ஏனென்றால் அந்தக் காண்டத்தில் அஞ்சத்தக்கவன் டையோமீடிஸ்தான், விட்டுக்கொடுக்கும் தேவை இருந்தவன் கிளாக்கஸ். அதற்காக அந்தக் கைகோப்பு பொய்யாகிவிடாது. 'வெண்கலத்துக்குப் பொன்' என்பது பிறகு கிரேக்கத்தில் பழமொழியாகி, பிளேட்டோவின் விருந்து உரையாடலில் சாக்ரடீஸின் வாயில் வருகிறது. அழகும் செல்வமும் உள்ள ஆல்கிபயடீஸ் தன் அழகைக் கொடுத்து அவருடைய ஞானத்தை வாங்கப் பார்க்கும்போது, வெண்கலத்தைக் கொடுத்துப் பொன் கேட்கிறாயே என்று அவர் அந்தப் பேரத்தை மறுக்கிறார்.

கேட்டவரின் ஐயத்துக்கு மிகக் கடினமான சோதனை, அதே இலியட்டில் மாவீரன் அக்கிலீஸின் தோழனாக வரும் பாட்ரோக்ளஸ். சிறுவனாக இருந்தபோது சூதுகாய் விளையாட்டில் கோபம் வந்து, நினையாமல் ஒரு பையனைக் கொன்றுவிட்டதால், தந்தை அவனை அக்கிலீஸின் தந்தை பீலியஸின் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறார். பீலியஸ் அவனை அன்போடு வளர்த்துத் தன் மகனுக்கு 'தெராபோன்' ஆக்குகிறார். பணியாளன், தேரோட்டி, உடனிருப்பவன் என்ற எல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும். பணிவிடை செய்தல் என்ற பொருளில் அதோடு சேர்ந்த வினையிலிருந்தே, நீண்ட வழி சுற்றி, ஆங்கிலத்தின் 'தெரபி' வந்தது. ஒன்பதாம் காண்டத்தில் தூதுவர்கள் கூடாரத்துக்குள் நுழையும்போது அக்கிலீஸ் யாழ் மீட்டி வீரர்களின் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறான். எதிரே பாட்ரோக்ளஸ் தனியாக, வாய் பேசாமல், அவன் எப்போது பாடி முடிப்பான் என்று காத்து உட்கார்ந்திருக்கிறான். இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு அது ரசிகனின் மௌனமா, வேலைக்காரனின் மௌனமா என்று என்னிடம் கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன். அடுத்த நிமிடமே விருந்தினருக்குப் பெரிய கலயம் கொண்டுவரச் சொல்கிறான் அக்கிலீஸ், இவன் எழுந்து அடுப்பைப் பார்க்கிறான். ரொட்டியைப் பரிமாறியது பாட்ரோக்ளஸ், இறைச்சியை அறுத்துப் பரிமாறியது அக்கிலீஸ் என்பதையும் கவி சொல்லாமல் விடவில்லை. பிற்காலத்தார் இவர்களைக் காதலர்களாகவும் பாடினார்கள். ஹோமர் அப்படிச் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. பாட்ரோக்ளஸ் போரில் இறந்த பிறகு, எல்லாத் தோழர்களுக்கும் மேலாக என் தலைக்கு நிகராக அவனை மதித்தேன் என்று அக்கிலீஸ் அழுகிறான். செஞ்சோற்றுக் கடன் என்ற நம் சொல்லால் பாட்ரோக்ளஸின் பாதியை விளக்கிவிடலாம், அக்கிலீஸின் பாதியை விளக்க முடியாது. சோறு போட்ட வீட்டுப் பிள்ளை, சோறு உண்டவனுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முடிவு செய்கிறான், கணக்கு அங்கே தலைகீழாகிவிடுகிறது.

பணத்தைவிட அதிகாரம் நட்பை எப்படி முறிக்கிறது என்று பார்க்க விரும்பினால், 'கட்டுண்ட புரோமிதியஸ்' நாடகத்தின் முதல் காட்சியைப் படியுங்கள். எஸ்கிலஸின் பெயரில் வந்த நாடகம் இது, அவர் எழுதியதுதானா என்ற ஐயம் வலுவானது. மனிதருக்கு நெருப்பைத் திருடிக் கொடுத்த புரோமிதியஸைப் பாறையில் அறைய வேண்டும். அறைய வேண்டியவன் கொல்லத்தேவனான ஹெஃபீஸ்டஸ், புரோமிதியஸுக்கு உறவினன், பழகியவன். பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பவனின் பெயர் க்ராடோஸ், பொருள் அதிகாரம் என்பதுதான். டெமாக்ரஸி (மக்களாட்சி), புளூட்டாக்ரஸி (செல்வர் ஆட்சி) முதலிய சொற்களின் பின்பாதியில் இருப்பதும் இதே பெயர்ச்சொல். உறவும் பழக்கமும் பொல்லாதவை, கை வரவில்லையே என்று ஹெஃபீஸ்டஸ் தயங்குகிறான். தந்தை ஸீயஸின் சொல்லை மீறுவது அதைவிடப் பொல்லாததில்லையா என்கிறான் க்ராடோஸ். இன்னும் ஓங்கி அடி, எங்கும் தளர விடாதே, மற்றக் கையையும் மாட்டு என்று ஒவ்வோர் ஆணிக்கும் உத்தரவு வருகிறது. ஹெஃபீஸ்டஸ் தன் தொழிலையே வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அடிக்கிறான், அடித்து முடித்துவிட்டுத்தான் போகிறான். மனித நேயம் என்று பொருள்படும் 'ஃபிலாந்த்ரபி'யின் மூலமான 'ஃபிலாந்த்ரோபோஸ்' என்ற அடைமொழியின் மிகப் பழைய ஆட்சிகளில் ஒன்று இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. அதைச் சொல்பவனும் க்ராடோஸ்தான்: மனிதரை நேசிக்கும் பழக்கத்தை இவன் நிறுத்தட்டும் என்று குற்றப்பத்திரிகையாகச் சொல்கிறான். இன்று அதே சொல் பெருஞ்செல்வர்கள் அறக்கட்டளை வைத்து வழங்குவதற்குப் பெயராக இருக்கிறது. கொடுத்ததற்காக ஆணியடிக்கப்பட்டவனைப் பற்றிய சொல் என்பது அழைப்பிதழ்களில் தெரிவதில்லை.

எல்லாக் கதையும் இவ்வளவு கனமானதில்லை. அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 388-இல் அரங்கேற்றிய, செல்வத்தின் தேவன் பெயர் கொண்ட புளூட்டஸ் என்ற நகைச்சுவை நாடகத்தில், கிரமிலஸ் என்பவனுக்குத் திடீரென்று செல்வம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு நண்பன் பிலெப்சிடெமஸ் ஓடிவருகிறான். எங்கே திருடினாய் என்பதுதான் அவன் கேட்பதன் சாரம். திருடவில்லை என்றால் நம்பவில்லை. ஊருக்குத் தெரியும் முன் பேச்சாளர்களின் வாயில் காசைத் திணித்து நான் அடக்கிவிடுகிறேன், கொஞ்சம் செலவாகும் என்கிறான். ஆமாம், மூன்று மினா செலவழித்துவிட்டு நட்புக்காகப் பன்னிரண்டு மினா கணக்கு எழுதுவாய் என்கிறான் கிரமிலஸ். ஒரு மினா என்பது 100 திராக்மா. இந்த இடத்தில் மாணவர்கள் விளக்கம் கேட்காமலே சிரித்துவிடுவார்கள்.

இந்த மரபு ஆங்கில இலக்கியத்துக்குள் வந்து இறங்கிய இடத்துக்கும் ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிக'னில், பணத்திலும் அன்பிலும் உனக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று அன்டோனியோவிடம் பசானியோ சொல்கிறான், அதே மூச்சில் மேலும் கடன் கேட்கிறான். தான் மணக்க விரும்பும் போர்ஷியாவை வர்ணிக்கும்போது, அவள் கூந்தல் பொற்கம்பளி, அதைத் தேடிப் பல ஜேசன்கள் வருகிறார்கள் என்கிறான். பொற்கம்பளியைத் தேடிப் போனவனும் மீடியாவைக் கைவிட்டவனுமான அதே ஜேசன்தான். அவளை மணக்க மூன்று பேழைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டியபோது பொன்னை மைடாஸின் கடினமான உணவு என்று தள்ளி ஈயத்தைத் தொடுகிறான். ஆனால் அந்த ஈயத்தைத் தொட அவன் கப்பலேறி வந்ததே நண்பன் தன் சதையைப் பிணையாக வைத்து வாங்கிய 3,000 டுக்கட் பொற்காசுகளில்தான். பசானியோ வேடதாரி என்று சொல்பவர்கள் உண்டு, அந்தக் கட்சியில் நான் இல்லை. தன் கடனைத் தானே வாய்விட்டுச் சொல்கிறவனை வேடதாரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்டோனியோ கணக்குக் கேட்கவில்லை என்று சொல்வதற்கும் எனக்குத் தயக்கம் உண்டு. கடனெல்லாம் தீர்ந்தது, சாகும்முன் உன்னை ஒருமுறை பார்த்தால் போதும் என்று அவன் எழுதும் கடிதம், நான் படித்த பற்றுச்சீட்டுகளிலேயே மிகவும் கனமானது.

கேட்டவருக்கு, அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச நேர்ந்தால் எடுத்துச் சொல்ல ஒன்று மீதமிருக்கிறது. டெலிமேக்கஸ் போன கப்பல் நோமோன் என்பவனுடையது. நான்காம் காண்டத்தில் அவன் வந்து, கப்பல் எப்போது திரும்பும், எனக்கு ஈலிஸ் வரை போக வேண்டும், அங்கே என் பன்னிரண்டு குதிரைகளும் இன்னும் பழக்காத கோவேறு கழுதைக் குட்டிகளும் இருக்கின்றன, ஒன்றை ஓட்டிவந்து பழக்க வேண்டும் என்று கேட்கிறான். பலவந்தமாகப் பிடுங்கினானா, நீயாகக் கொடுத்தாயா என்று, பெனலோப்பியை மணக்க வந்தவர்களில் ஒருவனான ஆன்டினஸ் அதட்டுகிறான். நானாகத்தான் கொடுத்தேன், அப்படி ஒருவன் மனத்தில் பாரத்தோடு வந்து கேட்கும்போது வேறென்ன செய்ய முடியும் என்கிறான் நோமோன். பிறகு ஒரு வியப்பையும் சொல்கிறான்: கப்பலில் மென்டார் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன், ஆனால் நேற்று விடியலில் மென்டாரை இங்கே ஊரிலேயே பார்த்தேனே என்று. சொல்லிவிட்டுத் தன் தகப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறான். அதன் பிறகு ஒடிஸியில் அவன் வருவதில்லை, அவன் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இல்லை.